மாஸ்க் சொந்தமாகட்டும், சிலிண்டர் வாடகையாகட்டும்

விடுமுறையில் மட்டும் சுழியோடும் இளையவர்களுக்கு

ஹெந்தளைக்கு ஒரு பக்கம் ஹமில்டன் கால்வாய், மறுபக்கம் கடல். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் புதிதல்ல. கடலுக்கு அடியில் இருந்து மூச்சு விடுவதுதான் புதிது. வத்தளை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்து இளையவர்கள் இப்போது ஹிக்கடுவையிலோ நிலாவெளியிலோ சில நாள் பயிற்சி எடுத்து, சுழியோடிச் சான்றிதழோடு வீட்டுக்கு வருகிறார்கள். வந்த கையோடு, "அங்கிள், முழு செட் ஒன்று வாங்கட்டா?" என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வரும் மருமக்கள், "மாமா, எல்லாத்தையும் கொண்டு வரட்டா, அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமா?" என்கிறார்கள்.

எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். சாமானை வாங்குவது ஒரு நாள் வேலை. அதைப் பார்த்துக்கொள்வது வருடம் முழுக்க உள்ள வேலை. ஆகவே, கடலுக்குப் போகாத மாதங்களிலும் உங்களால் ஒழுங்காகப் பராமரிக்கக் கூடியதை மட்டும் வாங்குங்கள். மற்றதை, அதைத் தொழிலாகப் பார்க்கிறவரிடம் வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது கையால் தொட்டுப் பார்த்து, வாயில் வைத்துப் பார்த்து எடுங்கள். இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. முதலில் கணக்குப் பாருங்கள்.

இலங்கையின் பெரும்பாலான டைவ் நிலையங்களில் ஒரு டைவுக்குச் சொல்லும் விலையிலேயே உபகரணமும் அடக்கம். சொந்தச் சாமானோடு போனால் கொஞ்சம் குறைப்பார்கள். அந்தக் குறைப்புத்தான் உங்கள் முதலுக்குக் கிடைக்கும் வருமானம். அது எவ்வளவு என்று வாங்குவதற்கு முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணத்துக்கு, முழு செட்டின் விலை 1,000 டொலர், வருடாந்த சேர்விஸ் 100 டொலர், சொந்தச் சாமானுக்கு நாளொன்றுக்குக் குறைக்கும் தொகை 10 டொலர் என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 6 நாள் சுழியோடினால் மிச்சம் 60 டொலர். சேர்விஸ் காசுக்கே அது போதாது. போட்ட 1,000 டொலர் எத்தனை வருடம் போனாலும் திரும்பாது. உங்கள் நிலையத்தின் விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். வருடத்தில் எத்தனை நாள் சுழியோடினால் வாங்குவது கட்டும் என்று நீங்களே கண்டுகொள்வீர்கள்.

2. நாட்களை எண்ணும்போது கடலின் காலத்தையும் சேர்த்து எண்ணுங்கள்.

வீட்டு வாசலில் கடல் இருக்கிறது, ஞாயிறு தோறும் இறங்கலாம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படி முடியாது. மேற்கிலும் தெற்கிலும் நவம்பரில் இருந்து ஏப்ரல் வரைதான் கடல் இடம் கொடுக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் அலை எழும்பும். மழைக்காலத்தில் களனி கங்கை முகத்துவாரத்தால் கொண்டுவரும் சேறு நம் கரையோரத் தண்ணீரை மண்ணிறமாக்கிவிடும். அந்த மாதங்களில் சுழியோடக் கிழக்குக்குத்தான் போக வேண்டும்: திருகோணமலை, நிலாவெளி, புறாத்தீவு, பாசிக்குடா. அங்கே மே தொடக்கம் செப்டெம்பர் வரை நல்ல காலம்.

ஐரோப்பாவில் இருந்து ஜூலை, ஓகஸ்டில் வருகிறவர்களுக்குக் கிழக்கு. டிசம்பரில் வருகிறவர்களுக்கு ஹிக்கடுவை, உனவட்டுன. வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் வருடத்தில் எத்தனை நாள் உண்மையிலேயே கிடைக்கும் என்று நேர்மையாக எண்ணுங்கள். ஆசைக்கு எண்ணினால் கணக்குப் பிழைக்கும்.

3. முதலில் வாங்க வேண்டியது மாஸ்க்.

மாஸ்க் முகத்தோடு ஒட்டுவது. ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. வாடகை மாஸ்க்கில் தண்ணீர் கசிந்தால் புதியவரின் கவனமெல்லாம் அதிலேயே போய்விடும். பதற்றம் அங்கேதான் தொடங்கும். கடையில் பட்டியைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்த பிறகும் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். மீசை உள்ளவர்கள் மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்துக்கொண்டால் கசிவு குறையும்.

கண்ணாடி போடுகிறவர்கள் பவர் கண்ணாடி பொருத்தக்கூடிய மாஸ்க்கையே வாங்குங்கள். பவளப்பாறையைப் பார்ப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. காற்றுமானியின் எண்ணைத் தெளிவாக வாசிக்க முடிவது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலையில் படிந்த படலம் இருக்கும். பற்பசையைப் பூசித் தேய்த்துக் கழுவினால் புகார் பிடிப்பது குறையும். மாஸ்க்குக்குப் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, பெட்டியில் வைத்தால் வருடக்கணக்காக உழைக்கும்.

4. வாயில் வைப்பதும் காலில் போடுவதும் உங்களுடையதாக இருக்கட்டும்.

ரெகுலேட்டரின் வாய்த்துண்டு மிக மலிவான சாமான். ஒன்றை வாங்கி வைத்திருந்தால், நிலையத்தில் சொல்லி வாடகை ரெகுலேட்டரில் மாட்டிக்கொள்ளலாம். ஒரு சின்னப் பிளாஸ்டிக் பட்டிதான் அதைப் பிடித்து நிற்கும். பழைய வாய்த்துண்டில் கடித்துக் கடித்துக் கிழிந்த இடத்தால் தண்ணீர் வரும். உங்களுடையதில் அந்தக் கவலை இல்லை, சுத்தமும் கூட.

பின்ஸ் அளவு பிழைத்தால் காலில் கொப்புளம் வரும், தசை பிடிக்கும். பாதம் மிகச் சிறியவர்களும் மிகப் பெரியவர்களும் இரண்டாவதாக இதை வாங்கலாம். உடைக்கு நம் கடலில் பெரிய செலவு தேவையில்லை. தண்ணீர் 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும். 3 மில்லிமீற்றர் மெல்லிய உடை தாராளமாகப் போதும். இணையத்தில் தடித்த உடையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். தடிக்கத் தடிக்க மிதப்பு கூடும். அதற்கு ஈடாக இடுப்பில் ஈயமும் கூடும்.

5. உயிர் காக்கும் சின்னச் சாமான்களுக்கு வாடகையை நம்பாதீர்கள்.

மேலே வரும்போது ஊதி விடும் செம்மஞ்சள் மிதவைக் குழாய், ஒரு விசில், வலை வெட்டும் சின்னக் கத்தி. மூன்றும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு வராது. பல நிலையங்களில் வழிகாட்டியிடம் மட்டும் மிதவை இருக்கும். நீரோட்டத்தில் குழுவைப் பிரிந்துபோனால் படகோட்டிக்கு உங்கள் தலை தெரியாது, மிதவை தெரியும்.

கத்திக்கும் காரணம் உண்டு. கொழும்புக்கு வெளியே கடலடியில் பல கப்பல்கள் கிடக்கின்றன. 1917 பெப்ரவரியில் மட்டும், ஜேர்மனியரின் வொல்ஃப் கப்பல் போட்டுவிட்டுப் போன கடற்கண்ணிகளில் மோதி வூஸ்டர்ஷயர், பேர்சியஸ் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. மூழ்கிய கப்பலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்தில் வலை விழும். விழுந்த வலை இரும்பில் சிக்கி அங்கேயே கிடக்கும். நைலோன் இழை தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. சிக்கினால் உதறாமல் நின்று, நிதானமாக வெட்ட வேண்டும். அதற்குக் கத்தி உங்களிடம் இருக்க வேண்டும்.

6. அடுத்த பெரிய செலவு செய்வதென்றால் அது டைவ் கொம்பியூட்டருக்காக இருக்கட்டும்.

ஆழத்தில் நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள நைதரசன் உடம்பில் கரைகிறது. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்து அது கூடும். மேலே வந்த பிறகும் மணிக்கணக்காக உடம்பில் மிச்சம் இருக்கும். கொம்பியூட்டர் அந்தக் கணக்கை உங்களுக்காக, உங்களுக்கு மட்டும் வைத்திருக்கிறது. காலையில் ஒருவர் கட்டியதை மத்தியானம் இன்னொருவர் கட்டினால், அது காலையில் கட்டியவரின் உடம்பைத்தான் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். ஒன்றை இரண்டு பேர் பார்த்துக்கொண்டு போவதும் சரியல்ல. ஆழம் இருவருக்கும் ஒன்றாக இருக்காது.

வாடகைக்கு எடுப்பதென்றால் பயணம் முடியும் வரை அதே கொம்பியூட்டரைக் கேட்டு வாங்குங்கள். சொந்தமாக இருந்தால் அதன் மொழி பழகிவிடும்; எந்த எண் எங்கே வரும் என்று தேட வேண்டாம். பராமரிப்பும் லேசு: கழுவுவது, பற்றரியைப் பார்ப்பது, அவ்வளவுதான்.

கொம்பியூட்டர் எச்சரித்தாலும் சிலர் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல நாள், பல டைவ் செய்தபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. மலையேறுவதும் அதைப் போன்ற ஆபத்துத்தான். திருகோணமலையில் காலையில் சுழியோடிவிட்டுப் பின்னேரமே நுவரெலியாவுக்கு வாகனம் எடுக்காதீர்கள். அது 1,868 மீற்றர் உயரம்.

7. ரெகுலேட்டரை வாடகைக்கு எடுங்கள்.

இதில்தான் இளையவர்கள் என்னோடு வாதாடுவார்கள். "மூச்சு விடுற சாமான் அல்லவா, அதுதானே முதலில் சொந்தமாக வேணும்?" என்பார்கள். மூச்சு விடும் சாமான் என்பதால்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

சிலிண்டருக்குள் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. ரெகுலேட்டரின் முதல் பகுதி அதைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 10 பார் கூடுதலாக இருக்கும் அளவுக்குக் குறைக்கிறது. வாயில் இருக்கும் இரண்டாம் பகுதி, நாம் இழுக்கும்போது, அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் தருகிறது. இந்த வேலையைச் செய்வது சின்ன இறப்பர் வளையங்களும் மென்மையான ஓர் இருக்கையும். உப்புப் படிந்தால், ஈரம் தங்கினால், வளையம் காய்ந்தால் காற்று தானாகப் பீறிடத் தொடங்கும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று, பாவிக்காமல் வைத்திருந்தாலும், சேர்விஸ் செய்யச் சொல்கிறார்கள். உதிரிப்பாகங்கள் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும். அந்த மாடலில் பயிற்சி பெற்றவர்தான் திறக்க வேண்டும்.

நம் ஊர்க் காற்றை நினைத்துப் பாருங்கள். ஹெந்தளையில் கடற்பக்க வீட்டு யன்னல் கம்பி எத்தனை மாதத்தில் துருப்பிடிக்கிறது? அந்தக் காற்றில் பத்து மாதம் அலுமாரிக்குள் கிடந்த ரெகுலேட்டரை, சேர்விஸ் செய்யாமல், சொந்தச் சாமான் என்ற நம்பிக்கையில் 18 மீற்றருக்குக் கொண்டுபோவதைவிட, நேற்றும் முந்தாநாளும் வேலை செய்த, பதிவோடு சேர்விஸ் செய்யப்பட்ட வாடகை ரெகுலேட்டர் எவ்வளவோ மேல்.

8. பிசிடி என்னும் காற்று ஜாக்கெட்டும் அப்படித்தான்.

அதன் பைக்குள் கடல் தண்ணீர் போகும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் உள்ளே நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி, வடித்து, கொஞ்சம் காற்று நிரப்பித் தொங்கவிட வேண்டும். செய்யாவிட்டால் உள்ளே உப்பு கட்டும், பூஞ்சணம் பிடிக்கும், காற்று நிரப்பும் பொத்தான் இறுகும். இறுகிய பொத்தான் காற்றை நிறுத்தாமல் நிரப்பினால் நீங்கள் விரும்பாத வேகத்தில் மேலே வருவீர்கள். பயணப் பெட்டியிலும் 3 அல்லது 4 கிலோ பிடிக்கும். வருடத்தில் ஒரு கிழமைக்காக இந்தப் பொறுப்பு வேண்டாம். வாடகைக்கு எடுக்கும்போது அளவை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காற்று நிரப்பினாலும் நெஞ்சை நெரிக்கக் கூடாது. இறக்கினாலும் தோளில் இருந்து வழுவக் கூடாது.

9. சிலிண்டரும் ஈயமும் வாங்கவே வேண்டாம்.

வழமையான அலுமினியச் சிலிண்டர் ஒன்று காற்று இல்லாமலே ஏறத்தாழ 14 கிலோ. பல நாடுகளில் வருடத்துக்கு ஒரு தடவை உட்புறத்தைப் பார்க்க வேண்டும், 5 வருடத்துக்கு ஒரு தடவை நீரழுத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. காற்று நிரப்பவும் எப்படியோ டைவ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தையோ, பெயின்ட் அடிக்கும் கொம்பிரசரையோ ஒருபோதும் நினைக்காதீர்கள். எண்ணெய்ப் புகையும் காபனோரொட்சைட்டும் கலந்த காற்று தரையில் தலையிடி தரும். ஆழத்தில் ஆளைக் கொல்லும்.

10. வாடகைச் சாமானைப் பத்து நிமிடம் பரிசோதியுங்கள்.

படகு புறப்படும் அவசரத்தில் அல்ல, முதல் நாள் பின்னேரமே போய்ப் பாருங்கள். சிலிண்டரின் தோளில் அடித்திருக்கும் பரிசோதனைத் திகதியை வாசியுங்கள். காற்றைக் கொஞ்சம் திறந்து மணந்து பாருங்கள். எந்த மணமும் இருக்கக் கூடாது. காற்றைத் திறக்காமல் ரெகுலேட்டரை வாயில் வைத்து இழுங்கள், ஒன்றும் வரக்கூடாது. வந்தால் எங்கோ கிழிசல் இருக்கிறது. பிறகு முழுவதும் திறந்து, மானியைப் பார்த்தபடியே பல தடவை மூச்சு விடுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் துள்ளினால் வால்வு முழுவதும் திறபடவில்லை. துணைவருக்கான மஞ்சள் ரெகுலேட்டரையும் வாயில் வைத்துப் பாருங்கள். அதைச் சோதிக்க மறப்பவர்கள் அதிகம்.

குழாய்களை இணைப்பு இடங்களில் மெல்ல வளைத்து வெடிப்புத் தேடுங்கள். பிசிடியை முழுவதும் நிரப்பி ஓரமாக வையுங்கள். சோதனை முடியும்போது அது அப்படியே விறைப்பாக இருக்க வேண்டும். கடைசியாக, ரெகுலேட்டர் எப்போது சேர்விஸ் செய்தது என்று கேளுங்கள். நல்ல நிலையம் பதிவைக் காட்டும். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் கட்டிய காசைப் பார்க்காமல் திரும்பி வாருங்கள்.

11. பெட்டியில் கிடந்த பழைய சாமானை அப்படியே போடாதீர்கள்.

மச்சான் ஒருவர் வெளிநாடு போகும்போது விட்டுப்போனது, நண்பர் மலிவாகத் தந்தது என்று பல வீடுகளில் ஒரு பெட்டி இருக்கும். அதில் உள்ள பின்ஸைப் போடலாம், மாஸ்க்கைப் போடலாம். ரெகுலேட்டரையும் பிசிடியையும் முழு சேர்விஸ் செய்யாமல் தண்ணீருக்குள் இறக்க வேண்டாம். சேர்விஸ் செய்ய ஆளும் உதிரிப்பாகமும் கொழும்பில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே பழைய சாமானுக்கு விலை பேசுங்கள். அந்தச் செலவைக் கூட்டினால் மலிவு பெரும்பாலும் மலிவாக இருக்காது.

12. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் கைப்பையில் அடங்குவதைக் கொண்டு வாருங்கள்.

மாஸ்க், கொம்பியூட்டர், வாய்த்துண்டு, மிதவை, மெல்லிய உடை: இவை போதும். கத்தியை மட்டும் பெரிய பெட்டியில் போடுங்கள். டோர்ச்சின் லிதியம் பற்றரியை மறக்காமல் கைப்பையில் வையுங்கள். முழு செட் 12 கிலோவுக்கு மேல் வரும். அந்த இடத்தில் அம்மம்மாவுக்குக் கொண்டுவர வேண்டியவை நிறைய இருக்கும். ரெகுலேட்டரையும் கொண்டுவருவதென்றே முடிவெடுத்தால் அது திருகி மாட்டும் டின் வகையா, கவ்விப் பிடிக்கும் யோக் வகையா என்று பார்த்து, போகும் நிலையத்துச் சிலிண்டருக்கு அது பொருந்துமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

13. மிச்சம் பிடித்த காசைப் பயிற்சிக்குப் போடுங்கள்.

1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமி மலைக்குக் கீழே கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கடலடியில் கண்டார்கள். இன்று ஒரு விடுமுறைச் சுழியோடி கட்டிக்கொண்டு போகும் கொம்பியூட்டர் அன்று உலகத்திலேயே இருக்கவில்லை. கடலைப் படித்துவிட்டு இறங்கியவர்கள் அவர்கள். மறுபக்கத்தையும் பாருங்கள். சங்குக்கும் கடலட்டைக்கும் நம் வடக்கு, வடமேற்குக் கடல்களில் சிலிண்டரோடு இறங்கும் தொழிலாளர்களில், முறையான பயிற்சி இல்லாமல் ஆழத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், அழுத்தக்குறைவு நோயால் கை கால் செயலிழந்தவர்கள் இருக்கிறார்கள். சாமான் அவர்களிடமும் இருந்தது. படிப்பிக்க ஆள்தான் இருக்கவில்லை.

ஒரு வருடம் இடைவெளி விட்டு வருகிறவர் முதல் நாளை மீள்பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். ஆரம்பச் சான்றிதழுக்கு 18 மீற்றர் எல்லை. மேற்பயிற்சி எடுத்தால் 30. மட்டக்களப்புக்கு வெளியே 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த செட்டும் உங்களை அதற்குத் தகுதியாக்காது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் ஏறத்தாழ 24 மீற்றரில் இருக்கிறது. மேற்பயிற்சிக்குக் காசு போட்டால், வாடகைச் சாமானோடேயே அதைப் பார்த்துவிட்டு வரலாம்.

14. உங்கள் அளவுகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

எந்த உடைக்கு எத்தனை கிலோ ஈயம், பிசிடி எந்த அளவு, பின்ஸ் எந்த அளவு, எந்த நிலையத்தில் எந்த மாடல் நன்றாக இருந்தது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். அடுத்த வருடம் போகும்போது அளவு தேடி ஒரு டைவை வீணாக்க வேண்டியதில்லை. வாடகைக்கு எடுக்கிறவருக்கு இந்தக் கொப்பிதான் சொந்தச் சாமான் தரும் பழக்கத்தைத் தரும்.

15. வாங்கும் காலம் வந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

மாதத்துக்கு ஒரு தடவையாவது இறங்குகிறவர், வழிகாட்டியாகத் தொழில் பழகுகிறவர், உடல்வாகு காரணமாக எந்த வாடகை ஜாக்கெட்டும் பொருந்தாத பெண்பிள்ளைகள்: இவர்கள் முழு செட்டும் வாங்குவது நியாயம். கொழும்பில் சேர்விஸ் செய்யக்கூடிய பிராண்டையே எடுங்கள். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். கழுவுவதற்கு முன் ரெகுலேட்டரின் தூசி மூடியை உலர்த்தி இறுக்குங்கள். அழுத்தம் இல்லாத நேரத்தில் ஊதும் பொத்தானை அமுக்க வேண்டாம், அமுக்கினால் தண்ணீர் உள்ளே போகும். வெயிலில் காயவைத்தால் இறப்பர் கெடும், நிழலில் தொங்கவிடுங்கள்.

16. திருப்பிக் கொடுக்கும்போது குறையைச் சொல்லிக் கொடுங்கள்.

வாடகைக்கு எடுத்ததுதானே என்று மணலில் இழுக்காதீர்கள், சிலிண்டரை நிறுத்தி வைத்துவிட்டு அகலாதீர்கள். கழுவும் தொட்டியில் நீங்களே கழுவிக் கொடுங்கள். காற்று கொஞ்சம் கசிந்தது, பொத்தான் ஒரு தடவை இறுகியது, மானி மெதுவாக அசைந்தது என்று எதைக் கண்டாலும் சொல்லி, அவர்கள் எழுதிக்கொள்ளும் வரை நில்லுங்கள். தண்டம் கேட்பார்களோ என்று பயந்து மறைக்க வேண்டாம். நாளைக்குக் காலையில் அதே ரெகுலேட்டரை வாயில் வைத்து இறங்கப் போகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளை. இன்றைக்கு உங்களுக்குக் கிடைத்த நல்ல சாமானும், நேற்று யாரோ ஒருவர் உண்மையைச் சொன்னதால் திருத்தப்பட்டதாக இருக்கலாம்.